பழைய டிரெய்லர்: முதலில் கூரை

கேள்வி: அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லரை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீட்டை) முதன்முறையாக வாங்குபவர் எங்கிருந்து பழுதுபார்க்கத் தொடங்குவது?

பதில்: கூரையிலிருந்து. புதுத் திரைச்சீலை வாங்கும் ஆசைதான் முதலில் வரும். ஆனால் மழை அதற்கு முன்பே உள்ளே குடியேறியிருக்கும், வாடகையும் தராது. பெரும்பாலான பழைய டிரெய்லர்களின் சுவர்ச் சட்டம் மெல்லிய மரம். கூரைத் திறப்புகள், மூலை இணைப்புகளைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை வெயிலில் வெடித்ததும், நீர் சுவருக்குள் இறங்கி மரத்தை மக்க வைக்கிறது. வெளிச்சுவர் உப்பியிருந்தாலும், மூலைத் தரை காலுக்கு மெத்தென்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். (விற்பவர் கால்மிதி விரித்திருக்கும் இடத்தை முதலில் மிதித்துப் பார்ப்பது நல்லது.) மக்கிய மரத்தை மாற்றாமல் மேலே பசை பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

அடுத்து டயர். நின்றே கிடந்த டயர் தேய்வதில்லை. ஆனால் ரப்பருக்கு வயதாகிறது. பக்கவாட்டில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் குட்டை உடைத்துவிடும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சக்கர பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் வேண்டும். எரிவாயு இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சிக்கு அங்கே வேலையில்லை. பனிக்காலத்தில் வடிக்காமல் விட்ட தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கலாம். பம்பை ஓட்டி ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.