குறைந்தபட்ச இருப்பு நூல்: மூலமும் உரையும்

மூலம்:

இல்லா தவனிடம் இல்லாமை கண்டு
உள்ளதும் எடுத்தல் கட்டணம் என்ப.

இந்நூற்பா அடியேன் இயற்றியது. ஏட்டுச்சுவடி தேடி யாரும் உ.வே.சா. நூலகத்துக்கு அலைய வேண்டாம். ‘என்ப’ என்றதனால் முன்பே பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பெறப்படும். சொன்ன இடம் வங்கிக் கவுன்ட்டர். சொன்ன சொற்கள் அச்சேறத் தக்கவை அல்ல.

இனி உரை. மேலை நாட்டு மரபு வேறு. 1728-ல் எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக், தன் கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்திடம் அனுமதி பெற்றார். ஓவர்டிராஃப்ட் பிறந்த கதை இது. இல்லாததை எடுத்தவனிடம் கட்டணம் கேட்பது அவர்கள் நெறி. அதில் ஏதோ ஒரு நியாயம் தென்படுகிறது. நம் சேமிப்புக் கணக்குக்காரன் இல்லாததை எடுப்பதில்லை. எடுக்க விடவும் மாட்டார்கள். அவன் செய்த குற்றம், இருக்க வேண்டியது இல்லாமல் இருந்தது. எடுக்க விடாததற்கு விதிவிலக்கு ஜன் தன் கணக்கு: அதில் தகுதியுள்ளோர்க்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் உண்டு. ஆக, ஒன்றுமில்லாதவனுக்குச் சலுகை, நிறைய உள்ளவனுக்கு நாற்காலியும் காபியும், இடைப்பட்டவனுக்கு எஸ்எம்எஸ். (பல வங்கிகளில் எஸ்எம்எஸ்ஸுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதை உரையிடையிட்ட குறிப்பாகக் கொள்க.)

இல்லாமையை அளப்பது எப்படி? மாதச் சராசரியால். ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போது உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளும் 9,900 ரூபாயைத் தொடாமல் காத்த ஒழுக்கசீலர் ஒருவர். மாதம் முழுக்கச் சுழியத்தில் கிடந்து, ஒரே ஓர் இரவு மட்டும் மூன்று லட்சத்தைப் போட்டு மறுநாள் விடிந்ததும் எடுத்துக்கொண்டவர் இன்னொருவர். முதல்வர் குற்றவாளி. இரண்டாமவர் குற்றமற்றவர், 2.5 சதவீத வட்டி என்றால் அந்த ஓர் இரவுக்கு இருபது ரூபாய் சொச்சமும் பெறுவார். மைத்துனரிடம் மூன்று லட்சத்தை ஓர் இரவுக்குக் கைமாற்றாகக் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கேட்ட பிறகு வரும் செலவுகள் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

களஆய்வுக்கு அக்கா மகனின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டேன். பழைய கம்பெனி திறந்துகொடுத்த சம்பளக் கணக்கு. வேலையை விட்டான், சில மாதம் சம்பளம் வராததைக் கண்டுகொண்ட வங்கி, ஜீரோ பேலன்ஸ் கணக்கைச் சத்தமில்லாமல் சாதாரணக் கணக்காக்கிவிட்டது. பாஸ்புக்கை அச்சடிக்கும் இயந்திரம் ஒரு வரியின் மேலேயே மறுவரியை அடித்திருந்ததால் சுவடியியல் முறை தேவைப்பட்டது. ‘354’ என்பதற்கு ‘394’ என்று பாடபேதம் உண்டு. 300 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54 ரூபாய் என்று கூட்டிப் பார்த்து, 354-ஏ மூலபாடம் எனத் துணிந்தேன். பணம் இல்லாதிருந்ததற்கு ஜிஎஸ்டி எதற்கு என்று கேட்பவர்க்கு விடை: கட்டணம் என்பது சேவைக்கு உரியது, சேவைக்கு வரி உண்டு. இங்கே ஆற்றப்பட்ட சேவை யாது என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

கவுன்ட்டரில் அவன் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “நாங்க எடுக்கலை சார், சிஸ்டம் எடுத்திருக்கு.”

சிஸ்டம் உருவமற்றது; எங்கும் நிறைந்தது. அவ்வப்போது டவுன் ஆகும். எடுக்க அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். திருப்பித் தர மட்டும் ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேண்டும். விதிக்கும் சிஸ்டத்துக்கும் உள்ள வேறுபாடு, விதியிடம் யாரும் கம்ப்ளைன்ட் நம்பர் வாங்குவதில்லை என்பதே.

இஎம்ஐ உள்ளவர் நிலை மத்தளத்தின் நிலை. ஐந்தாம் தேதி சம்பளம் வராமல் தவணை திரும்பினால் கணக்கு உள்ள வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். இந்த வெட்டில் இருப்பு மேலும் இறங்க, சராசரியும் அடிவாங்கும். பதறி ஏடிஎம்மில் எடுக்கப் போனால், பணம் போதாது என்று இயந்திரம் சொன்னதற்கும் பல வங்கிகளில் கட்டணம் உண்டு. வள்ளல்கள் இரப்போர்க்கு இல்லையெனச் சொல்லக் கூசிய நாடு இது. இப்போது சொல்வதற்கு ரேட் இருக்கிறது.

இவையெல்லாம் கற்பனை என்பார்க்குச் சான்று காட்டுவோம். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி இந்த இல்லாமையிலிருந்து ஈட்டியது 1,771 கோடி ரூபாய். அவ்வாண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அதன் நிகர லாபமே 1,581 கோடி சொச்சம்தான். 2020 மார்ச்சில் அக்கட்டணத்தையே அது கைவிட்டது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரப் புதுக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் சராசரி வேண்டும் என்று அறிவித்து, கூச்சல் எழுந்ததும் 15,000-க்கு இறங்கியது. ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை: முன்கூட்டித் தெரிவி, சரிசெய்ய ஒரு மாதம் கொடு, பற்றாக்குறையின் அளவுக்கேற்பக் கட்டணம் போடு, கட்டணத்தாலேயே கணக்கை மைனஸில் தள்ளாதே என்று 2014-ல் விதி செய்தது. எனவே கணக்கு மைனஸுக்குப் போகாது. சுழியத்தில் நின்று மூச்சுவிடும். பாக்கி எங்கோ பதுங்கியிருந்து, அம்மா அறியாமல் ஐநூறு போட்ட அன்று வெளிவரும்.

நீங்குவதற்கு வழி இல்லையோ எனின், உண்டு. ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்றை எல்லா வங்கியும் தர வேண்டும் என்பது 2012-லிருந்தே விதி. அதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. எந்தக் கிளையிலும் இதைச் சுவரில் எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. அக்கா மகன் போய்ப் படிவம் கேட்டான். ஸ்டாக் இல்லையாம், நெட் பேங்கிங்கில் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனான். பாஸ்வேர்டு காலாவதி. புதியதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும்; முன்பு வைத்தவற்றுள் எதுவும் கூடாது. வைத்தான். கேப்ட்சாவில் அது பூஜ்யமா, ஓ-வா என்ற பாடபேதத்தையும் தீர்த்தான். ஓடிபி வந்தது, பழைய கம்பெனி கொடுத்து, வேலையை விட்ட அன்றே திருப்பி வாங்கிக்கொண்ட சிம்முக்கு. நம்பரை மாற்ற வேண்டுமாம். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. கிளைக்கு நேரில் வர வேண்டும்.