பவளக் குடித்தன ஒழுக்கம்: சாகுபுரம் சார்ந்த ஓர் ஆய்வு

ஒரே தொட்டியில் குடிவைக்கும் பவளங்கள் மூவகைப்படும் என்ப: கல்பவளம், மென்பவளம், இன்னதென்று விற்றவருக்கே தெரியாதது. மூன்றாவதை இவ்வாய்வு தொடாது.

மென்பவளம்: சத்தமில்லாமல் நீரில் நஞ்சு கலந்து பக்கத்துக் குடித்தனத்தை வாடவைக்கும். வடிகட்டியில் கரி போட்டால் கொஞ்சம் அடங்கும் (எதிர்வீட்டு அண்ணாச்சி, சாகுபுரம், வாசற்படி, மாலை).

கல்பவளத்துக்குத்தான் விரிவுரை வேண்டும். பகலில் பரம சாது. விளக்கணைந்ததும் கேலக்ஸியா என்னும் வகை, கொட்டும் இழைகளை ஒரு சாண் தூரம்கூட நீட்டித் துழாவும். விடிந்து பார்த்தால் அண்டைப் பவளத்தின் ஓரத்தில் சதை கழன்று வெள்ளைக்கூடு தெரியும். வேறு சில, வயிற்றிழைகளையே வெளியே தள்ளி, அண்டைவீட்டாரை அவர் இருக்குமிடத்திலேயே செரித்து முடிக்கும். யார் யாரைத் தின்பார் என்ற வரிசையை 1970-களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ஜூடித் லாங் வகுத்தார். அவர் நேரில் பார்த்து எழுதியவர்; ஆதலால் அவரை அறிஞரென்று கொள்வதில் நம்மவரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்தப் பவளச் சண்டையும் வளவு வீட்டுத் தண்ணீர்க்குழாய்ச் சண்டையும் ஒன்றே என்ற அண்ணாச்சியின் கொள்கை (மேற்படி வாசற்படி, திருத்திய இரண்டாம் பதிப்பு, காப்பி வந்தபின்) அவர் மனைவியால் மறுக்கப்பட்டது (அடுக்களை ஜன்னல், உரத்த பதிப்பு, அண்டை வீடுகளிலும் கிடைக்கும்). அதற்கு அண்ணாச்சி இயற்றிய மறுப்புரை (மனத்துக்குள், ஒரே படி) நமக்குக் கிட்டவில்லை. அப்படியொன்று இருந்ததே இடைச்செருகல் என்பாரும் உளர்.

இனி இடம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு தொடங்கிப் பாம்பன் பக்கம் வரை 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மன்னார் வளைகுடாவில் பதிவான கல்பவளங்கள் 117 வகை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் படகு படகாக வெட்டிய சல்லி இதுதான். 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலி அங்கே முன்பே குடியிருக்கிறது. கல்பவளம் பிறரோடு சண்டையின்றி ஒண்டிக் குடித்தனம் நடத்தும் இடம் அந்த அட்டவணை ஒன்றே.

ஆகவே அண்ணாச்சியின் தொட்டியில் இருப்பவை பிளாஸ்டிக். சிவப்பும் ஊதாவும் ஒட்டி உரசி நிற்கின்றன. நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்த்தும் ஓர் இழை நீளவில்லை. இவை கல்லா, மென்மையா என்று கேட்கப்போய், முனைவர் இருவர் ஒரே மேடையில் உட்கார மறுத்துவிட்டனர்.