நகராட்சிச் செய்தியும் தண்ணி விடுறவரும்: வந்தவாசியை முன்வைத்து ஓர் ஆய்வு

நகராட்சிச் செய்தி இரண்டு வகைப்படும்: போட்டோவோடு வருவது, குழாய் வழியாக வருவது. அறிஞர்கள் முதல் வகையோடு நின்றுவிட்டதால் இத்துறை இன்னும் தவழ்கிறது.

களமாக வந்தவாசியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கோரைப்பாய்க்குப் பேர்போன இந்த ஊர், பள்ளிப் பாடத்தில் ஒரே ஒரு நாளுக்காக இடம்பெறுகிறது: 1760 ஜனவரி 22. அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர், லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர். லாலி தோற்றார், அவருடைய தளபதி புஸ்ஸி பிடிபட்டார், மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. வரலாற்றாசிரியர்கள் இதைப் போர் என்கிறார்கள். நிர்வாகக் கண்கொண்டு பார்த்தால் இது பணியிட மாறுதல். முன்னவர் விடுவிக்கப்பட்டார், பின்னவர் பொறுப்பேற்றார். சார்ஜ் ஒப்படைக்கும்போது கொஞ்சம் பீரங்கி வெடித்தது. இந்த வருஷம் ஏரி நிரம்புமா என்று அன்றைய ஊர்க்காரர் ஒருவர் கவலைப்பட்டிருப்பார். அதைப் பற்றி நம் பாடப்புத்தகம் மூச்சு விடுவதில்லை.

அதிகாரிகளின் வருகையை ஒழுங்காகக் குறித்து வைத்த நம் முன்னோடி நிருபர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. எந்தத் துரை வந்து இறங்கினார், எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று நாட்குறிப்பில் எண்ணி எழுதியவர். இன்று பீரங்கியின் இடத்தைச் சால்வை பிடித்துக்கொண்டது. புதிய ஆணையாளர் பொறுப்பேற்றால் நடுவில் அவர் நிற்பார். ஒரு பக்கம் நகர்மன்றத் தலைவர், மறுபக்கம் பொறியாளர், அடுத்து துப்புரவு ஆய்வாளர், பிறகு கவுன்சிலர்கள். படத்தின் ஓரத்தில் பாதித் தோள் மட்டும் தெரிகிறதே, அந்த நபரை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். அனேகமாக அந்த அலுவலகத்தில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடக்கும்வரை தமிழ்நாட்டு நகராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஐந்து வருஷச் சொச்சத்தில் மன்றக் கூட்டமும் இல்லை, வெளிநடப்பும் இல்லை. தண்ணீர் மட்டும் முன்பு எப்படி வந்ததோ அப்படியே வந்தது, எப்படி வரவில்லையோ அப்படியே வரவில்லை. ஆய்வுக்கு இது முக்கியமான சான்று.

செய்தி பரப்பும் கருவிகளுக்கு வருவோம். தண்டோராவை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது. பறையடிக்கிறவரைத் தெருத்தெருவாக அலையவிட்டது போதும், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் என்பது உத்தரவு. நியாயமான உத்தரவு. ஆனால் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கிக்கு ஒரு குறை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். “நாளை காலை கீழ்க்கண்ட தெருக்களில் குடிநீர்” என்பது வரைக்கும் கணீரென்று கேட்கும்; வருமா வராதா என்பது தெரிவதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடும். அந்தத் தெருக்காரர்களுக்கு முடிவு மட்டும் கேட்கும். இரு தெருவும் கூடிப் பேசினால்தான் ஒரு செய்தி முழுமை பெறும். இதைப் பங்கேற்பு ஜனநாயகம் எனலாம்.

அறிவிப்புப் பலகையைப் பொறுத்தவரை, பக்கத்து உத்திரமேரூர்தான் உச்சம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வாரியத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, எழுபதைத் தாண்டக் கூடாது. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் சொந்தக்காரனுக்கும் இல்லை. ஏரிக்கென்றே தனி வாரியம். அந்தக் கல் அறிவிப்பு மழையில் ஊறாது, ஆணி துருப்பிடிக்காது, பூட்டின சாவி தொலையாது. நம் நாளின் கண்ணாடிப் பலகைக்கு மேற்படி மூன்று வியாதியும் உண்டு.

இனி மையக் கருதுகோள். ஊழியரின் பதவி உயர உயர, அவர் மாறுதல் பெரிய செய்தியாகிறது. குடியிருப்பவருக்கு அதனால் ஆகும் பாதிப்பு குறைந்துகொண்டே போகிறது. இந்த வரிசையின் கடைக்கோடியில், வால்வு திறக்கிற கம்பியைச் சைக்கிளில் செருகிக்கொண்டு வருகிற தண்ணி விடுறவர் இருக்கிறார். தெரு முனையில் நடந்த ஓர் உரையாடல் இது. நகராட்சியின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது.

“இன்னிக்குத் தண்ணி வருமாண்ணா?”

“மோட்டாரு காயில் போயிடுச்சுக்கா. நாளைக்குச் சாயந்தரந்தான். இருக்கிறத பாத்துச் செலவு பண்ணுங்க.”

காரணம், கால அளவு, குடிமக்களுக்கு வேண்டுகோள் எல்லாம் இதில் அடங்கிவிட்டன. ஆணையாளர் கையெழுத்தில் இதே விஷயம் ஒரு பக்கம் வரும், காயில் மட்டும் வராது.

ஆனால் இவர் மச்சினிச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டால் எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. காலிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் தெருவுக்குச் சேதி தெரிகிறது. மாற்றாளாக வந்தவருக்கு எந்த வால்வு எந்தத் தெரு என்று பிடிபடுவதற்குள் கல்யாணமும் முடிந்து மறுவீடும் முடிந்துவிடுகிறது.

ஆகவே, தண்ணி விடுறவர் லீவு போடும்போதும் பணிக்குத் திரும்பும்போதும் போட்டோவுடன் செய்தி வெளியிடவும், திரும்பும் நாளில் அவருக்கு ஒரு சால்வை போர்த்தவும், அதற்கான செலவினத்தைக் குடிநீர் நிதியிலிருந்து மேற்கொள்ளவும் அனுமதி வேண்டி, இப்பொருள் மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.

மன்ற முடிவு: ஒத்திவைக்கப்பட்டது.