பார்த்தது 60, பாராட்டியது 144

144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஹெர்ட்ஸில் ஓடிய படத்தைக் காட்டி, "எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பாருங்க" என்று ஊரைக் கூட்டியவன் நான். ஊர் என்றால் குயிலாப்பாளையம். ஆரோவில் போகிறவர்கள் வாடகை ஸ்கூட்டரில் புழுதி கிளப்பிக்கொண்டு கடக்கும் ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே என் வீடு. பால் ஊற்ற வந்தவர், கீழ்வீட்டுக்காரர், கேபிள்காரர் எல்லோருமே பார்த்துத் தலையாட்டினார்கள். கேபிள்காரர் மட்டும் "சன் டிவி வருமா சார்?" என்றார். அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

27 அங்குலம், 2560க்கு 1440. பாண்டியில் வாங்கி பைக்கில் கட்டி, பெரியமுதலியார்சாவடியில் ஈசிஆரை விட்டுத் திரும்பி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தேன். ஆபீஸ் வேலைக்கு, எக்செல் பார்க்க வசதியாக இருக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வாங்கியது கார் ரேஸ் விளையாட. இந்த வயதில் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரை புதுப்பிக்கப்படும்; 144இல் 6.9க்கு ஒருமுறை. இதெல்லாம் யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணுக்குத்தான் அந்தப் பாடம் நடக்கவில்லை. விநாடிக்கு 25 படம் காட்டிய தூர்தர்ஷனில் வளர்ந்த கண் அது. சினிமா 24தான். சிவாஜி அந்த 24க்குள்ளேயேதான் அழுதார்; எங்கள் அம்மாவும் கூடவே அழுதார்; யாருக்கும் படம் விட்டு விட்டுத் தெரியவில்லை.

குட்டு வெளிப்பட்டது பக்கத்து வீட்டுப் பையனால். காலேஜ் இரண்டாம் வருஷம். வந்து உட்கார்ந்தவன் கேமைத் திறக்கவே இல்லை. மவுஸைப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினான். அம்புக்குறி போன வழியெல்லாம் தனித்தனி அம்புகளாக, நடுவில் இடைவெளி விட்டுத் தெரிந்தது. பிறகு மானிட்டருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு குமிழை அமுக்கினான். இவ்வளவு நாளும் அதை நான் திருகாணி என்று நினைத்திருந்தேன். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் வந்தது: 60 ஹெர்ட்ஸ்.

"சித்தப்பா, இது அறுபதுலதான் ஓடுது."

"தெரியும்டா. கரண்டு மிச்சம் பண்ண அப்படி வெச்சிருக்கேன்."

அவன் நல்ல பிள்ளை. ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாளே போய், அட்டையில் 8கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த தடிமனான எச்டிஎம்ஐ கேபிளை வாங்கி வந்தேன். அதே 60. கோளாறு கேபிளில் இல்லை. என் பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4, அதாவது 2009இல் வந்த தரம். படத்துக்கென்று விநாடிக்குச் சுமார் 816 கோடி பிட்தான் அதில் போகும். 1440 திரையை 144இல் ஓட்டக் குறைந்தது 1274 கோடி வேண்டும். 60 என்றால் 531 கோடியில் முடிந்துவிடும். பெருக்கிப் பார்க்கப் போன் கால்குலேட்டரே போதும். கேபிளுக்குக் காசு கொடுத்த பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன்.

அடுத்து, ஒரு முனை டிஸ்ப்ளே போர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்றிருந்த ஒரு கேபிள். லேப்டாப்பில் எச்டிஎம்ஐயைச் செருகி மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட்டைச் செருகினேன். திரை கும்மிருட்டு. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும், திரும்பி வராது. அப்படியே திரும்பி வந்திருந்தாலும் லேப்டாப் பக்கம் அதே பழைய துளைதானே? இதுவும் அப்போது உறைக்கவில்லை. போன் சார்ஜர் கேபிளைக்கூட டைப்-சி அடாப்டர் ஒன்றோடு சேர்த்து முயன்றேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

விடை லேப்டாப்பின் இடப்பக்கமே இருந்தது. இரண்டு டைப்-சி துளைகள், அச்சு அசல் ஒன்றுபோல. டார்ச் அடித்து, செம்மண் புழுதியைத் துடைத்துப் பார்த்தால், ஒன்றின் அருகில் மட்டும் டி எழுத்துக்குள் பி வைத்த மாதிரி ஒரு பொடிக் குறி. அதன் வழியாகத்தான் டிஸ்ப்ளே போர்ட் சிக்னல் வரும். மற்றது வெறும் யுஎஸ்பி. டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போகும் கேபிளை வாங்கிச் செருகினால், அப்போதும் 60! விண்டோஸ் தானாக ஏற்றித் தராது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நாம்தான் 144 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே போனால் பட்டியலில் 144ஏ இல்லை. லேப்டாப் திரையையும் மானிட்டரையும் ஒரே படம் காட்டும்படி வைத்திருந்தேன். லேப்டாப் திரையால் முடிந்தது 60, மானிட்டரும் அதோடு நின்றுகொண்டது. இரண்டும் தனித்தனியாக இயங்கும் எக்ஸ்டெண்டுக்கு மாற்றிய பிறகுதான் 144 கண்ணில் பட்டது.

மவுஸை ஆட்டினேன். அம்புகள் நெருங்கி வந்திருந்தன. வித்தியாசம் எனக்கே தெரிந்தது. பையனைக் கூப்பிட்டேன்.

அவன் இந்த முறை கேமைத் திறந்தான். மேல்மூலையில் 41, 44, 39 என்று எண்கள் குதித்தன. திரை 144 முறை புதுப்பிக்கக் காத்திருக்கிறது. லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் நாற்பது படம் வரைவதற்குள் மூச்சு வாங்கி, மேஜை விசிறி அளவுக்குச் சத்தம் போடுகிறது. 1080க்குக் குறைத்தால் எண் ஏறியது, ஆனால் கேமில் வரும் ரோட்டோரப் பலகை எழுத்தெல்லாம் மசமசவென்று ஆனது.

"கிராபிக்ஸ் கார்டு பத்தாது சித்தப்பா. மத்ததெல்லாம் சூப்பரா ஓடும்."

மற்றதென்றால் எக்செல்தான். இரண்டாயிரம் வரிசைகள், 144 ஹெர்ட்ஸில், ஒரு நடுக்கமில்லாமல் உருளுகின்றன. "நீங்க சொன்னது சரிதாங்க, கணக்கு பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் பாராட்டு வேறு. இப்போது வீட்டுச் செலவுக் கணக்கையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதில் மூன்று கேபிள்களை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.