கொட்டகைக்கு ஒரு மாப்பிள்ளை

கோயமுத்தூர்ப் பக்கம் பழைய வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை தெரிந்தால், உள்ளே மாடு கட்டியிருக்கும் என்று நம்பிப் போய்விடக் கூடாது. ஏதாவது ஒரு வண்டி பிரித்துப் போட்டபடி கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடலாம் என்று பிரித்தது, ஞாயிற்றுக்கிழமைகள்தான் போய்க்கொண்டிருக்கும்.

இந்த வியாதிக்கு மூலபுருஷர் ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டித்தான் தொழில் படித்தார் என்பது ஊரறிந்த கதை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் விட்ட ஒற்றை பஸ், பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் குடும்பத்தின் கார் சேகரிப்பை இன்று அவிநாசி சாலையில் உள்ள ஜீடீ கார் மியூசியத்தில் பார்க்கலாம்.

நாயுடுவுக்கு மியூசியம் அமைந்தது. அவரைப் பார்த்துக் கெட்டுப்போன மற்றவர்களுக்குக் கொட்டகைதான்.

பீளமேட்டில் அப்படி ஒருவர். மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் காலமானார். ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா என்று கொட்டகை நிறைய உதிரி பாகங்களை விட்டுப் போயிருந்தார். சாவி மாப்பிள்ளை கைக்கு வந்தது. "நீங்க இஞ்சினீருதானுங்களே மாப்பிள்ளை, பாத்துப் பிரிச்சு வெச்சிருங்க" என்றார் மாமியார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் இன்ஜினீயர். அந்த வித்தியாசமெல்லாம் அந்த வீட்டில் எடுபடாது.

மாமனார் லேபிள் ஒட்டாதவர் அல்ல. நிறையவே ஒட்டியிருந்தார். ஒரு டின்னில் 'பாக்கணும்'. இன்னொன்றில் 'இது அது இல்லை'. 'முக்கியம்' என்று எழுதி நூல் சுற்றியிருந்த டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு ஸ்க்ரூ.

முதலில் வந்து பார்த்தவர் உக்கடத்துப் பழைய இரும்பு வியாபாரி. அவருக்குக் குழப்பமே இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு. மூன்றே லேபிள், ஒரே தராசு. அரை நாளில் வேலை முடிந்துவிடும். அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மாமனாரின் சிநேகிதரான சிங்காநல்லூர் மெக்கானிக்கை மாப்பிள்ளை வரவழைத்தார்.

இரும்பு தன் ஜாதகத்தைத் தானே சுமந்து வரும் என்பது மெக்கானிக் நடத்திய முதல் பாடம். பேரிங்கின் விளிம்பில் 6204 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். உள்துளை 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. இந்தச் சூத்திரத்தை மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்காட்டினார். அடுத்து எடுத்தது 6203. பதினைந்து வர வேண்டிய இடத்தில் ஸ்கேல் 17 காட்டியது. 04-க்குக் கீழே உள்ள எண்களுக்குக் கணக்கே வேறாம்.

பிஸ்டன் தலையில் 40 என்று இருந்ததைப் பார்த்த மாமியார், "நாப்பது ரூவாய்க்கா வாங்கினாரு? எங்கிட்ட பத்துன்னாரு" என்றார். அது விலையல்ல. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திய பிறகு போடும் ஓவர்சைஸ் பிஸ்டன். அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரியது. விளக்கம் எடுபடவில்லை. முப்பது ரூபாய் கணக்கு இன்னும் நிலுவையில் நிற்கிறது.

நட்டு, போல்ட்டில் இன்னும் மோசம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் முன்வைத்த அளவில் மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கில் 60. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று அன்பாகப் போய், பிறகு இறுகிக்கொண்டு வராது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பதும் நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம்.

அடுத்த தகராறு ஸ்கூட்டர். லாம்ப்ரெட்டா, மிலானில் இன்னொசென்டி நிறுவனத்தின் படைப்பு. அதை இங்கே மும்பையில் ஏ.பி.ஐ. என்ற நிறுவனம் தயாரித்தது. 1972-இல் அமைந்த லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இத்தாலியிலிருந்து இயந்திரங்களையே பெயர்த்துக் கொண்டுவந்து, விஜய் சூப்பர் என்று விற்றது. கையில் இருக்கும் பாகத்துக்கு எந்தப் பெயரை எழுதுவது? "எல்லாம் ஒரே சனந்தானுங் தம்பி, வாக்கப்பட்ட ஊருதான் வேற" என்றார் மெக்கானிக்.

மைசூரில் தயாரான ஜாவா மோட்டார் சைக்கிளில் உதைத்துக் கிளப்புவதும் கியர் போடுவதும் ஒரே லீவர். கொட்டகையில் அப்படி இரண்டு இருந்தன. மாப்பிள்ளை ஒன்றில் 'கிக்கர்' என்றும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகன் மற்றதில் 'கியர்' என்றும் ஒட்டி, தனித்தனிப் பெட்டியில் போட்டார்கள். இரண்டுமே சரி என்பதால் யாரும் திருத்தவில்லை.

கடைசியில் நிரம்பி வழிந்தது 'தெரியாதது' என்ற டிரம். மெக்கானிக் அதைச் சாக்கில் கவிழ்த்தார். பாதி வண்டிச் சாமானே இல்லை. கிணற்றுப் பம்புசெட்டின் ஃபுட் வால்வு, மோட்டார் ஃபேன், நூல் மில் ஸ்பிண்டில். 1937-லேயே மின்மோட்டார் செய்த பீளமேட்டில் இதெல்லாம் கிடைக்காவிட்டால்தான் அதிசயம்.

நடுவே ஒரு புல்லி உருண்டு வந்தது. மாமியார் எட்டி எடுத்தார். "இது என்ற கிரைண்டரு புல்லிங்க! காணாமப் போச்சுன்னு புதுசு வாங்கிக் குடுத்தாரே?"

புல்லியில் கட்டியிருந்த அட்டையில் மாமனாரின் கையெழுத்து தெளிவாக இருந்தது: 'லாம்ப்ரெட்டாவுக்கு ஆகும்.'

மெக்கானிக் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆகாதுங்க" என்றார்.

"அந்த உக்கடத்துக்காரர் நெம்பர் இருக்குதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார். "மொதல்ல அந்த லாம்ப்ரெட்டாவ எடைக்குப் போடுங்க."