மாற்று வரலாறு போடுவது எப்படி? மூணாறு பக்குவம்

தேவையானவை: மூணாறு டவுனில் ஒரு டீக்கடை பெஞ்சு, விடாத சாரல், ரிட்டயர் ஆன ஆண்கள் நாலு பேர். கரண்ட் போயிருந்தால் உத்தமம்.

1. முதலில் ஐரோப்பாவைக் கொதிக்க வையுங்கள். 1848 பிப்ரவரியில் பாரிஸில் மன்னர் லூயி பிலிப் முடி துறந்தார். மார்ச்சில் வியன்னாவை விட்டு ஆஸ்திரியச் சான்ஸலர் மெட்டர்னிக் ஓடினார். "அந்தப் புரட்சியெல்லாம் நிலைச்சிருந்தா..." என்று ஒருவர் இழுப்பார். தலையாட்டி வையுங்கள். இது வெறும் வெந்நீர். தூள் நம் மலையில்தான்.

2. இப்போது 1877ஐப் போடுங்கள். இந்தக் கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு ராஜா வெள்ளைக்காரர் ஜான் டேனியல் மன்றோவுக்கு வருஷம் 3,000 ரூபாய்க்குக் குத்தகை விட்டார். அன்று "தர மாட்டேன்" என்றிருந்தால்? அளவு மீறிச் சேர்க்காதீர்கள். குத்தகை இல்லையேல் தேயிலை இல்லை. தேயிலை இல்லையேல் ஆள் பிடிக்கும் கங்காணி இல்லை. கங்காணி இல்லையேல் உங்கள் தாத்தா மலையேறியிருக்க மாட்டார். கேள்வி கேட்ட ஆளே பெஞ்சிலிருந்து மறைந்துவிடுவார்.

3. வாசனைக்கு ஒரு சிட்டிகை 1924. அந்த வெள்ளம் குண்டளை ரயிலை அடித்துப் போகாதிருந்தால் இன்று டூரிஸ்ட் கூட்டம் ரயிலில் வந்து இறங்கும். வாகன நெரிசலில் மாட்டியவர்களுக்கு இந்த ருசி ரொம்பப் பிடிக்கும்.

4. அடுத்தது 1956, மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த வருஷம். இதை நிதானமாகக் கிளறவும். அந்த நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்துக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. "குளமாவது மேடாவது" என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரா என்று விசாரிக்கக் கூடாது; விசாரித்தால் டீ ஆறிவிடும். தோட்டத்துத் தமிழர் வந்து போகிற ஜனம், நிலைத்த குடிகள் அல்ல என்று அன்று வாதம் வைத்தார்கள். இதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

5. இனிப்புக்கு 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் நூலிழைப் பெரும்பான்மையில் இருந்த ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு அது வாழ்வா சாவா. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட்டுக்காரர் பாவலர் வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார், ஜெயித்தார்கள். பாவலருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தால்? இந்த இடத்தில் பெஞ்சில் சண்டை வருவது இயல்பு. கிளாஸ்களை அப்புறப்படுத்தவும்.

6. எச்சரிக்கை: 2015 செப்டம்பரை இந்தப் பாத்திரத்தில் போட முடியாது. தோட்டக் கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியபோது, கொழுந்தெடுக்கும் பெண்கள் "இப்படி நடந்திருந்தா" என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் இறங்கி ரோட்டில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்க ஆண்களையும் விரட்டினார்கள். பெயர் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. ஒன்பதாம் நாள் 20 சதவீதம் திரும்பியது. இதே பெஞ்சில் வரலாறு பேசுகிறவர்கள் அந்த ஒன்பது நாளும் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

7. ருசி பார்க்கும் முறை: கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அக்கா ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுங்கள். கறையேறிக் கறுத்த விரலால் கிளாஸைப் பிடித்து, ராஜா மறுத்த கதை, ரயில் ஓடும் கதை, மலை சென்னையோடு சேர்ந்த கதை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு ஒன்றே ஒன்று கேட்பார்:

"எல்லாம் சரிண்ணே. உங்க கதையில ரிட்டயர் ஆனா லயத்த விட்டு எறங்கணுமா, வேண்டாமா?"

நாலாம் படியில் எடுத்து வைத்தது இதற்குத்தான். வந்து போகிற ஜனம் என்று அன்று ஏட்டில் எழுதினார்கள். இன்று ரிட்டயர் ஆனதும் லயம் என்கிற எஸ்டேட் வீட்டை விட்டுப் பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். அக்காவுக்குப் பதில் சொல்ல முடியவில்லையென்றால் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சிலிருந்து எழுந்திருங்கள், அவர் உட்காரட்டும்.