வெயிலோடு ஒரு படம்

ஜூலையில் அமெரிக்கப் பாலைவனம் பார்க்கக் கிளம்பிவிட்ட குடும்பத்தை அக்கினி பகவானே வந்தாலும் தடுக்க முடியாது. லாஸ் வேகஸில் வெளியே 45 டிகிரி. ஹோட்டலுக்குள் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்கிறார்கள். டெத் வேலியில், 1913இல் 56.7 டிகிரி பதிவான ஃபர்னஸ் கிரீக்கில், வெப்பநிலை காட்டும் பலகையோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். இன்னும் ஒரு டிகிரி ஏறட்டும் என்று அப்பா காத்து நிற்கிறார். அம்மா ஏ.சி. காரைவிட்டு இறங்குவதாக இல்லை. (இந்தச் சூட்டுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு.) அடுத்து கிராண்ட் கேன்யன். சுமார் 1,600 மீட்டர் ஆழம்; கொலராடோ ஆறு ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளாக அறுத்தது. மகன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான்.

"சிக்னலே இல்லப்பா!"